ஓர் ஆல்பத்துக்காக ஊர் வாயை அடைத்தவன்

இசைக்குழுவுக்கு மேலாளராக இருப்பது வாசிக்கிறவர்களைக் கவனிக்கிற வேலை இல்லை. வாசிக்காத மற்ற எல்லோரையும் கவனிக்கிற வேலை.

கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ, கோயில் பஜனைக்கோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ பொறுப்பேற்று, மேடைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது.

நான் பாகூர் பக்கத்துத் தொழிற்சங்கக்காரன். ஆலை ஓடிய காலத்தில் சங்கச் செயலாளர். ஆலை மூடிய பிறகும் நான்தான் செயலாளர். என்னை மாற்றக் கூட்டம் போட்டால் ஆள் சேராது. நான் படித்தது துண்டறிக்கை, எழுதியதும் துண்டறிக்கை. ஊர்வலம், மறியல், முற்றுகை, உண்ணாவிரதம் எதுவானாலும் என் பங்கு ஒன்றுதான்: சத்தம். மைக் கெட்டுப்போனால்கூட கூட்டத்தைக் கலைக்க மாட்டார்கள், நான் இருக்கிறேன் என்று தைரியமாக இருப்பார்கள். அப்படிப்பட்டவனை, ஊரில் ஒரு சத்தமும் எழாமல் காவல் காக்கிற வேலையில் கொண்டுபோய் நிறுத்தியது மூன்று பிள்ளைகளின் முதல் ஆல்பம்.

ஐக்கிய முன்னணி

மூன்று பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். வில்லியனூர் ஸ்டெல்லா செல்லோ வாசிப்பவள். அது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வில்லை இழுக்க வேண்டும். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கிற இளங்கோவுக்கு மின்கிதார். வீராம்பட்டினம் முருகவேலுக்கு டிரம்ஸ். குழுவின் பெயர் 'ஈரச் சாக்கு'. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள்.

அவர்கள் வாசிப்பதற்குச் சேம்பர் ராக் என்று பெயராம். ஓர் அறைக்குள் பத்துப் பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்கிற கருவியையும், மைதானத்தில் கூட்டம் கூட்டி அலற விடுகிற கருவியையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்ப்பது. "ஓகோ, ஐக்கிய முன்னணி" என்றேன். "கிட்டத்தட்ட அதான் அங்கிள்" என்றாள் ஸ்டெல்லா. பதிவு செய்ய எங்கள் சங்கக் கட்டடம் வேண்டும் என்றார்கள். உயரமான கூரை, தடித்த சுவர்; ஒரு தட்டுத் தட்டினால் ஒலி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்காருகிறதாம். செல்லோ ஸ்டெல்லாவுடையது இல்லை. அவள் படித்த இசைப்பள்ளி விடுமுறைக்கு மட்டும் இரவல் கொடுத்தது. விடுமுறையின் கடைசி நாள் மாலைக்குள் அது திரும்பிப் போயாக வேண்டும், அதற்குள் ஆல்பம் முடிந்தாக வேண்டும். அவர்கள் உள்ளே வாசிக்கும்போது வெளியே பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் தேவை.

அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் பின்னால் ஒரு 'ஒழிக' சேர்த்தே உச்சரித்தவன் நான். உடம்பு எரிந்தது. இருந்தாலும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டேன். "இந்தக் கூட்டணி வேலைக்கு ஆவுமாப்பா?" என்று மட்டும் கேட்டேன். முருகவேல் திருப்பிக் கேட்டான்: "உங்க கூட்டணியெல்லாம் வேலைக்கு ஆச்சா தலைவரே?"

மூச்சு விட இடம்

ஐந்து இசைக்கோர்வைகள் மளமளவென்று பதிவாகிவிட்டன. எல்லாம் சின்னவை, வார்த்தை இல்லாதவை. ஆறாவதுதான் பெரியது. அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, சங்கத்து மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் நான் செருகி வைத்திருந்த காகிதக் கட்டை ஸ்டெல்லா உருவினாள். நான் எழுதிய 'கடைமடை கேட்கிறது' துண்டறிக்கை. ஏரி தளும்பி நின்றும் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டாமல் போன ஒரு வருஷத்தில் எழுதியது. டீக்கடையில் வடை மடித்தது போக மிச்சம். அதை முழுதாகப் படித்தவர்கள் என்றால், எனக்குத் தெரிந்து நானும் அச்சுக் கோத்தவரும்தான். ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே நின்று கடைசிவரை படித்தாள்.

கடைசியில் மூன்று கேள்விகள் வரும். ஏரி யாருக்கு? மதகு யாருக்கு? கடைசி வயல் யாருக்கு? இளங்கோ அதில் விழுந்துவிட்டான். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எல்லாக் கருவியும் நிற்கும், நீளமாக ஒரு மௌனம் இருக்கும், பதில் வரவில்லை என்பதுதான் பாட்டே என்றான். "அதுக்குப் பதில் உண்டு தம்பி" என்றேன். 'எங்களுக்கு' என்று கூட்டம் முழங்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அச்சில் போடுவதில்லை. "முழங்கினாங்களா தோழரே?" என்று கேட்டான். முனகினார்கள். ஒரு தெருமுனையில் அதுவும் இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மௌனமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

என் கவலை அன்றைக்குத் தொடங்கியது. முதல் ஐந்தும் அவர்களுடைய ஆல்பம். ஆறாவது என்னுடையது. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்கிற ஆளும் நான் இல்லை. ஆறாவது பதிவாகாவிட்டால் என் எழுத்து மறுபடியும் மேசைக் காலுக்கே போகும் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஸ்டெல்லா இரண்டு தடவை பாடிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து வந்து நின்றாள்: "அங்கிள், ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடுது. எங்க மூச்சு விடறதுன்னு எழுதவே இல்லியே நீங்க?"

இரண்டு பூட்டு

எங்கள் சங்கத்தில் எந்தக் கதவுக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி செயலாளரிடம், ஒரு சாவி பொருளாளரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. பொருளாளர் கலியபெருமாள். கட்சி உடைந்தபோது அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் நின்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. சங்கம் மட்டும் உடையாமல் இருப்பதற்கு அந்த இரண்டு பூட்டுத்தான் காரணம். தினமும் காலையில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே தன் பூட்டைத் திறப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே என் பூட்டைத் திறப்பேன். தன் பூட்டு திறந்திருக்கிறவரை தானும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகையால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார்.

ஒலிப்பதிவுக்கு வந்திருந்த சுதாகர் என்ற தம்பி எங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தான். மூன்று பேரும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிப்பதால் ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கிலும் விழும். துண்டு துண்டாக எடுத்து ஒட்ட முடியாது. தொடக்கத்திலிருந்து கடைசி மௌனம்வரை ஒரே ஓட்டமாக வர வேண்டும். முதல் முயற்சி ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. நான் கதவோரம் காவல் நின்றேன். மூன்றாவது கேள்வி முடிந்து மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தில் கலியபெருமாள் எழுந்து நின்று படபடவென்று கை தட்டினார். சுதாகர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்துவிட்டான். ஏன் தட்டினீர்கள் என்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார்: "முடிஞ்சா தட்டணும் பாப்பா. தட்டலன்னா தீர்மானம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அனுமதி

கூட்டம் என்றால் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதோடு, பதிவு நேரத்தில் வாசலில் லாரி நிற்காமல் பார்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கிருந்த ஏட்டு என்னைப் பல தடவை வேனில் தூக்கி ஏற்றியவர். என் எடை அவருக்கு அத்துப்படி.

"எத்தினி பேரு?" என்றார். மூன்று பேர் என்றேன். "பேசறது யாரு?" யாரும் பேச மாட்டார்கள் என்றேன். "கோஷம்?" கிடையாது என்றேன். சத்தமே வரக்கூடாது, அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். ஒரு காவலரைக் கூப்பிட்டு, "இவரு கூடவே இரு, கண்ண எடுக்காத" என்றார்.

அந்தக் காவலர் தங்கமான பிள்ளை. ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அசையவில்லை, அவர் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி அசைந்தது. இரண்டாவது கேள்விக்குப் பிந்தைய மௌனத்தில், யாரோ யாரிடமோ எங்கேயோ ஜீப்பு போய்விட்டதா என்று கரகரத்துக் கேட்டார்கள். அந்த முயற்சியும் போயிற்று. நேராக ஏட்டிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவில்லை, நிம்மதி அடைந்த மாதிரிகூட இருந்தது. "நீ கத்தினா எங்களுக்கு வேல தெரியும்யா. நீ சும்மா இருந்தா நாங்க எங்க போயி நிக்கிறது?"

மெதுவாக மீன்

முருகவேலின் அம்மா அஞ்சலை, வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள். அவள் வாயைத் திறந்தால் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறவன் குழம்புக்குப் புளி கரைக்கத் தொடங்குவான். பதிவு நேரமும் அவள் வருகிற நேரமும் ஒன்று. தெருமுனையிலேயே மடக்கி, கும்பிட்டுக் கேட்டேன். "எம்புள்ள தட்டறது ஊருக்கே கேக்குது. நான் கூவறதுதான் அவனுக்கு ஆவலியா? கூவாம போனா மீனு நாறிப்போச்சுன்னு நெனைப்பாளுங்க தலைவரே" என்றாள். நியாயம்தான். உழைக்கிறவர் பக்கம் நியாயம் இருக்கும்போது நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

அதனால் நானே முன்னால் போனேன். வீடு வீடாகக் கதவைத் தட்டி, கை கூப்பி, சங்கரா வந்திருக்கிறது, கிழங்கான் வந்திருக்கிறது என்று காதோடு காதாகச் சொன்னேன். அஞ்சலை பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். என் ஒரு காது சங்கக் கட்டடத்தின் பக்கமே இருந்தது. செல்லோ தொடங்குகிறது, டிரம்ஸ் சேர்கிறது, இதோ ஸ்டெல்லா பாடப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, நான் கணக்கில் வைக்காத ஒரு ஐஸ்கிரீம் வண்டி தெருவுக்குள் திரும்பி, குழந்தைகளைக் கூப்பிடுகிற பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். மீன் மட்டும் முழுதாக விற்றுப்போயிற்று. கடைசி வீட்டுப் பெண் என் கூப்பிய கையைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா தலைவரே, எலெக்சனா? சின்னம் மீனா?"

இரவு ஷிப்டு

ஒருநாள் எல்லாம் கூடி வந்தது. லாரி இல்லை, மீன் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை, வாக்கி டாக்கி வாயை மூடிக்கொண்டிருந்தது. கலியபெருமாளின் கைக்கு ஸ்டெல்லா ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். முதல் கேள்வி, முதல் மௌனம். எனக்குக் கண்ணில் நீர் வரும்போல இருந்தது. மௌனம் முடிந்து கிதார் மெல்ல நுழைய வேண்டும். நுழையவில்லை. முருகவேல் குச்சியைத் தூக்கியபடி காத்திருக்கிறான், ஸ்டெல்லா வில்லைத் தூக்கியபடி காத்திருக்கிறாள். கிதார் மேல் தலையைச் சாய்த்து இளங்கோ தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன். பொறுப்பு வேண்டாமா தம்பி, நாள் போய்க்கொண்டிருக்கிறதே என்று மேலாளர் தோரணையில் நாலு வார்த்தை சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குத்தலே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான்: "எட்டு மணி நேர வேலைன்னு உங்க ஆளுங்க போராடி வாங்கினாங்கன்னு சொன்னீங்களே தோழரே, அது எங்க சேதராப்பட்டு வரைக்கும் வரலியே, வழியில எங்க எறங்கிடுச்சு?"

பரிசீலனை

நாட்கள் தீர்ந்துகொண்டே வந்தன. சுதாகர் ஒரு யோசனை சொன்னான். ஆறாவதை விட்டுவிடலாம், ஐந்தே போதும், வார்த்தை இல்லாத ஆல்பம் என்றால் அதுவும் ஒரு கெத்துத்தான். மூன்று பேரும் மறுத்துப் பேசவில்லை, களைத்திருந்தார்கள். நாளை கடைசி நாள், செல்லோவைக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் ஒரு தடவை முயற்சி செய்வோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்றாள் ஸ்டெல்லா. நான் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டடத்துக்குப் பின்னால் கொம்யூன் பஞ்சாயத்துக் குழாய். தண்ணீர் வருகிற நேரத்தில் களையெடுக்கிற பெண்கள் குடத்தோடு அங்கே கூடுவார்கள். மிச்சமிருந்த ஒரே ஆபத்து அதுதான்.

அவர்களுக்கு முன்னால் நிற்பவள் செல்வி. என் ஊர்வலங்களில் கொடி பிடித்தவள். நாளைக்குப் பாட்டு ஓடுகிற நேரம் மட்டும் வாயையும் குடத்தையும் அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவள் எவர்சில்வர் குடத்தைக் கீழே வைத்தாள், மெதுவாக வைக்கவில்லை. "இருக்கறோம். எங்களுக்கு இன்னா செய்வே?" என்றாள். சங்கக் கட்டடத்துக் கக்கூஸ் ஆலை மூடியதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. நாளெல்லாம் வயலில் நிற்கிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. அதைத் திறந்துவிட வேண்டும். இன்று பொழுது சாய்வதற்குள். இல்லாவிட்டால் நாளைக்கு உள்ளே பாட்டு ஆரம்பிக்கிற நொடியில் இங்கே எல்லாக் குடமும் பேசும்.

கோரிக்கையை முதலில் வை, கெடுவை அடுத்து வை, எங்கே அடித்தால் வலிக்குமோ அங்கே அடி. நான் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என் வாய் தானாகத் திறந்து, "உங்க கோரிக்கை நியாயமானது. பரிசீலிக்கிறோம்" என்றது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை: "இந்த வார்த்தைய எவன் சொன்னாலும் நம்பாதீங்கன்னு மைக்குப் புடிச்சு சொன்னதே நீதானே, மேனேஜரே?"

செயற்குழு

கக்கூஸ் கதவுக்கும் இரண்டு பூட்டு என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கலியபெருமாள் ஸ்டெல்லாவைப் பார்த்து, சங்கச் சொத்து விஷயத்தைச் செயற்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். செயற்குழுவில் உயிரோடும் ஊரோடும் இருப்பவர்கள் நானும் அவரும்தான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆகையால் முருகவேலைத் தலைமை தாங்க வைத்தோம். நான் முருகவேலிடம் தீர்மானத்தை முன்மொழிந்தேன். கலியபெருமாள் முருகவேலிடம் எதிர்த்துப் பேசினார். தொட்டி சின்னது, குழாய் பழசு, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்றார். ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த பெண்கள் நடுவிலிருந்து செல்வியின் குரல் வந்தது: "நீங்க ஸ்டிரைக்கு பண்ணி சோத்துக்கு நின்னப்போ எங்க வூட்டு அரிசியத் தின்னீங்களே, அப்ப ஒண்ணும் ஒடையலியா?" கலியபெருமாள் முருகவேலிடம் வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார்.

ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. கூட்டத் தலைவர் தன் வாக்கைத் தீர்மானத்துக்குப் போட்டார். டிரம்ஸ் வாசிக்க வேண்டியவன் வேறு எப்படிப் போடுவான்? கலியபெருமாள் எழுந்தார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்று கை தட்டினார். நான் வியப்பாகப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, நேராக என்னிடமே பேசினார்: "தோத்தவன் தட்டறதுதான்யா மொறை. நீ எப்பனா தட்டியிருக்கியா?"

மூன்றாவது கேள்வி

அன்று சாயங்காலமே நானும் முருகவேலும் கக்கூஸைக் கழுவித் திறந்துவிட்டோம். கடைசி நாள் காலையில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பயத்தில் வருகிற இருமல். மேலாளர்களுக்கு இது தெரிந்திருக்கும். மழை வருமா, மின்சாரம் போகுமா, எவனாவது பட்டாசு வெடிப்பானா என்று பத்து அடிக்கு ஒரு தடவை நின்று யோசித்தேன். ஆனால் ஊர் அன்றைக்கு என்னை அதிசயமாகக் காப்பாற்றியது. அஞ்சலை சீக்கிரமே விற்றுவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். காவலர் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டார். கலியபெருமாள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தார். குழாயடியில் செல்வியும் மற்ற பெண்களும் குடங்களைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோரம் வரிசையாகக் குந்தினார்கள். நான் வாசற்படியில் நின்று என் வாயை என் கையாலேயே இறுக்கிப் பொத்திக்கொண்டேன். நான் எத்தனையோ கடையடைப்புக்கு அறைகூவல் விட்டிருக்கிறேன். ஒன்றிலும் ஊர் இப்படி முழுதாக அடைபட்டதில்லை.

பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் தூரத்து இடி மாதிரி, கிதார் எங்கோ ஓடுகிற மோட்டார் மாதிரி. செல்லோ நேராக வயிற்றுக்குள் இறங்கியது. ஸ்டெல்லா என் வாக்கியத்தைப் பாடினாள். ஒரு பக்கத்துக்கு ஓடுகிற வாக்கியம். எங்கே மூச்சு விடுவது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். 'எங்கள்' என்று வருகிற ஒவ்வொரு இடத்துக்குப் பின்னும் விட்டாள். எழுதும்போது எனக்குத் தெரியாது, அந்த வாக்கியத்தில் அத்தனை 'எங்கள்' இருக்கிறதென்று. வாய்க்கால் வறண்டதும், மடை அடைபட்டதும், நாற்று வெந்ததும் அவள் குரலில் ஜன்னல் வழியாக வெளியே போயின. செல்வி தலையைத் திருப்பினாள். அவள் அந்த வாய்க்கால் ஓரம்தான் தினமும் நடக்கிறாள்.

"ஏரி யாருக்கு?" என்று பாடினாள் ஸ்டெல்லா. எல்லாம் நின்றது. மௌனம். காக்காய்கூடக் கத்தவில்லை. "மதகு யாருக்கு?" மௌனம். செல்வியின் மோவாய் மேலே எழும்பியது. நான் வாயைப் பொத்தியபடியே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. "கடைசி வயல் யாருக்கு?"

"எங்களுக்கு!"

குழாயடியிலிருந்து வந்தது. படியிலிருந்து வந்தது, ஏரிக்கும் அஞ்சலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவளும் கத்தினாள். உள்ளே கலியபெருமாள் கையை விடுவித்து முஷ்டியை உயர்த்திக் கத்தினார். காவலரின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன், வெளியே சொல்ல மாட்டேன். அது முனகல் இல்லை. சுவர்கள் அதை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தன. மைக் பிடித்துக் கேட்டபோதெல்லாம் வராத குரல், வாயை மூடுங்கள் என்று நான் கெஞ்சிய நாளில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மௌனம் விழுந்தது. இளங்கோ கேட்டிருந்ததைவிட ஆழமான மௌனம்.

சுதாகர்தான் முதலில் பேசினான். "போச்சு" என்றான். இன்னொரு முயற்சிக்கு நேரமில்லை. செல்லோவை ஏற்றிப் போக வண்டி வந்து நின்றுவிட்டது. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "தெரியாம வந்துடுச்சு பாப்பா. கேட்டா சொல்லித்தானே பழக்கம்" என்றாள். இளங்கோ கிதாரைக் கீழே வைத்தான். "போடு, கேக்கலாம்" என்றான். போட்டார்கள். முதல் இரண்டு மௌனமும் கூரையில் தொங்கின, மூன்றாவதில் ஊர் வந்தது. இளங்கோ ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் செல்லோவை உறைக்குள் வைத்து மூடிக்கொண்டே, "இதுதான்" என்றாள். ஆறாவது ஆல்பத்துக்குள் போயிற்று. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் வாயிலிருந்து கையை எடுத்தேன்.

பெண்கள் எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். சுதாகர் ஒலிபெருக்கியை ஜன்னல் பக்கம் திருப்பினான். அந்த இடம் வந்ததும் இது உன் குரல், இது என் குரல், இது அஞ்சலை, இது பொருளாளர் என்று அடையாளம் கண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். செல்வி மட்டும் காதைச் சாய்த்து வைத்து, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னைத் தேடிப் பார்த்தாள்: "எல்லாரும் கத்தினோம், உன் தொண்டைய மட்டும் காணமே? நீ இன்னா, நெஜமாவே மேனேஜரா ஆயிட்டியா?"

ஆல்பம் வெளியே வந்துவிட்டது, நான் எழுதிய பாட்டில் ஊர்க் குரல் முழுக்க இருக்கிறது, என் குரல் மட்டும் இல்லை. மேலாளர் வேலையை ஒரு நாளாவது ஒழுங்காகப் பார்த்தவனுக்கு இதுதான் கூலி.